வலப்பக்கம் இழுக்கும் விமானம்

டைகர் மாத் விமானத்தைக் கணினி சிமுலேட்டருக்குள் கொண்டுவந்தவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறாரா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. விமானத்தை ஓடுபாதையின் தொடக்கத்தில் நிறுத்தி, ரடர் மிதிகளிலிருந்து காலை எடுத்துவிட்டு, த்ரோட்டிலை முழுவதும் திறக்க வேண்டும். மூக்கு இடப்பக்கம் திரும்பினால் மாதிரியில் பிழை இருக்கிறது. அசல் டைகர் மாத் லேசாக வலப்பக்கம்தான் இழுக்கும். அதன் ஜிப்ஸி மேஜர் இன்ஜின், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால், புரொப்பல்லரை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அமெரிக்க இன்ஜின்களில் பெரும்பாலானவை வலஞ்சுழி. அமெரிக்க விமானம் ஒன்றின் கோப்பை நகலெடுத்துத் திருத்தி பிரிட்டிஷ் விமானமாக்கும்போது சுழல் திசையை மாற்ற மறந்துவிடுகிறார்கள். மறந்த ஒரே எண்ணால் விமானியின் கால் தவறான மிதியில் போய் நிற்கிறது.

பழைய விமானத்தின் உருவத்தை மீட்பது இன்று கடினமில்லை. தில்லியின் பாலம் பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஸ்பிட்ஃபயரும் வாம்பயரும் நாட்டும் ஹன்டரும் நிற்கின்றன. அளந்துகொள்ளலாம், படமெடுத்துக்கொள்ளலாம், தகட்டில் ஆணி எத்தனை என்று எண்ணிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அந்த வாம்பயரில் த்ரோட்டிலைத் தள்ளினால் இன்ஜின் எவ்வளவு தயங்கிப் பதில் சொல்லும் என்பதை நின்றுகொண்டிருக்கும் வாம்பயர் சொல்லாது. ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும், தறுவாயில் ஸ்டிக் கையில் எப்படித் தொய்யும், ஃப்ளாப் இறக்கும்போது மூக்கு எந்தப் பக்கம் போகும், தரை இறங்கும் கடைசி நொடிகளில் எத்தனை அங்குலம் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் விமானத்தின் குணம். விமானம் பறப்பதை நிறுத்தியதும் முதலில் அழிவது இந்தக் குணம்தான். உலோகம் துருப்பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். ஓட்டியவர்களின் நினைவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

விமானத்தின் குணத்தைப் பேச்சாக மாற்றிச் சொல்லித்தருவதையே தொழிலாகக் கொண்ட பள்ளி ஒன்று தாம்பரத்தில் இருக்கிறது. இந்திய விமானப்படையின் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் 1948 ஏப்ரலில் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. இங்கே வருபவர்கள் ஏற்கெனவே விமானிகள். ஓட்டத் தெரிந்தவர்கள், ஓட்டக் கற்றுத்தருவது எப்படி என்று கற்க வருகிறார்கள். எழுபது ஆண்டுகளாகச் சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் மக்களின் தலைக்கு மேல் பயிற்சி விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருப்பதற்கு இந்தப் பள்ளிதான் காரணம். கேம்ப் ரோடு சந்திப்பில் பேருந்துக்குக் காத்திருப்பவர்களில் பலர் அண்ணாந்து பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

தென்சென்னைப் புறநகருக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. கார்சிகாவிலிருந்து வந்து மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறையில் செய்வித்த இருதட்டு விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டது 1910-இல். 1930 வாக்கில் பரங்கிமலை அடிவாரத்தில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் இயங்கத் தொடங்கியது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டிவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தச் சேவையில் ஓடியது டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் புஸ் மாத், டைகர் மாத்தின் நெருங்கிய உறவு. இரண்டாம் உலகப் போரில் சோழவரம், தாம்பரம், உளுந்தூர்பேட்டை, சூலூர் எனத் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து ஓடுதளங்கள் எழுந்தன. பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு 1944-இல் தாம்பரத்தில் எச்.எம்.எஸ். வல்லூறு என்ற பெயரில் ஒரு தளத்தை நடத்தியது. போர் முடிந்ததும் அது கலைக்கப்பட்டது, தளம் மிஞ்சியது.

தாம்பரத்துப் பள்ளியில் நடந்த பயிற்சியின் வேர் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பயிற்சியிலேயே மாணவர்கள் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர்களில் பலர் போர்முனையிலிருந்து களைத்துத் திரும்பியவர்கள். மாணவருக்கு என்ன சொல்லித்தருவது, எந்த வரிசையில் தருவது என்பதற்கு முறையே இல்லை. ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி 1917-இல் அதை மாற்றினார். ஆபத்திலிருந்து மாணவரை ஒதுக்கிவைக்காமல், ஆசிரியர் உடனிருக்க அந்த ஆபத்துக்குள்ளேயே வேண்டுமென்று அழைத்துச்சென்று, வெளியேறும் வழியைக் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. விமானம் சுழன்றபடி விழும் ஸ்பின்னில் விழவைத்து மீளக் கற்றுத்தந்தார்கள். முன்பின்னாக உட்கார்ந்திருக்கும் இருவர் இன்ஜின் இரைச்சலுக்கும் காற்றுக்கும் நடுவே பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் வந்தது. வாயருகே ஒரு புனல், மறுமுனை மாணவரின் தலைக்கவசக் காதுகளில். கோஸ்போர்ட் டியூப் என்று பெயர்பெற்ற அந்தக் குழாயைத் தாங்கித்தான் டைகர் மாத்களும் பறந்தன.

குழாய் வந்ததும், அதன் வழியே என்ன பேசுவது என்ற கேள்வி வந்தது. பயிற்றுநர்கள் அதைப் பேட்டர் என்பார்கள். கை செய்வதை வாய் அதே நொடியில் சொல்லவேண்டும். ஸ்டால் பாடம் என்றால், த்ரோட்டிலை மூடுகிறேன், உயரம் குறையாமலிருக்க ஸ்டிக்கை மெல்லப் பின்னால் கொண்டுவருகிறேன், காற்றின் ஓசை அடங்குவதைக் கவனியுங்கள், ஸ்டிக்கை அசைத்தாலும் விமானம் சோம்பலாகத்தான் அசைகிறது, இதோ ஓர் அதிர்வு, இதோ மூக்கு விழுகிறது என்று ஓடும். சொல் முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. 'அதிர்வு' என்று வாய் சொல்லும்போது மாணவரின் உள்ளங்கையில் அதிர்வு இருக்கவேண்டும். இதைப் பழகுவதற்காக, பயிற்றுநராக வந்த இருவர் சேர்ந்து பறப்பார்கள். ஒருவர் மாணவராக இருந்து கேட்க, மற்றவர் பாடம் நடத்துவார். மறுமுறை இடம் மாறும்.

சிமுலேட்டர் மாதிரியைத் திருத்துகிறவருக்கு இதைவிட நல்ல மூலம் கிடையாது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. ஒரு விமானத்துக்கு எழுதப்பட்ட நல்ல பேட்டர் என்பது அதன் நடத்தையைக் காலவரிசைப்படி, புலன்வழி எழுதிய முழுப் பட்டியல். முதலில் எது நடக்கும், அடுத்து எது, எவ்வளவு இடைவெளியில், கைக்கு எப்படித் தெரியும், காதுக்கு எப்படித் தெரியும் என எல்லாம் அதில் இருக்கிறது. காற்றுச் சுரங்கத்தில் எடுத்த எண்களில் இது இருக்காது.

எண்களின் பக்கமும் இதே புறநகரில்தான் வளர்ந்தது. தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் போகும் மின்ரயிலில் சானடோரியத்துக்கு அடுத்த நிறுத்தம் குரோம்பேட்டை. அங்கே 1949-இல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். பயிற்றுநர் பள்ளி தாம்பரத்துக்கு வந்த அதே 1950களின் நடுவில் அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் மாணவர். வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த, பணியிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்களின் அருகே, மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததைத் தன் சுயசரிதையில் சொல்கிறார். ஆஸ்திரியரான பேராசிரியர் ஸ்போண்டர் அவருக்குக் காற்றியக்கவியல் கற்பித்தார், கே.ஏ.வி. பண்டலை கட்டமைப்பு கற்பித்தார். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியில் காற்றியக்கப் பகுதி கலாமுடையது. நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருளில் அவர் தமிழில் எழுதிய கட்டுரைக்கு 'ஆனந்த விகடன்' ஆசிரியர் தேவனிடமிருந்து பரிசு கிடைத்ததும் அந்த நாட்களில்தான்.

குரோம்பேட்டையில் விமானம் எண்ணாகவும் வரைபடமாகவும் இருந்தது. தாம்பரத்தில் பேச்சாகவும் கைப்பழக்கமாகவும் இருந்தது. நல்ல சிமுலேட்டர் மாதிரிக்கு இரண்டும் வேண்டும்.

சிமுலேட்டர் என்ற கருவி கணினிக்கு முந்தையது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஊரில் ஆர்கன் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனில் காற்றை ஊதும் துருத்திகளைக் கொண்டே 1929 வாக்கில் ஒரு பயிற்சிப் பெட்டி செய்தார். குட்டை இறக்கையும் வாலும் வைத்த மரப்பெட்டி, துருத்திகளின் மேல் உட்கார்ந்துகொண்டு சாயும், நிமிரும், திரும்பும். மூடியை இழுத்துவிட்டால் உள்ளே இருளும் கருவிகளின் முகங்களும் மட்டும். வெளியே ஆசிரியரின் மேசையில் மூன்று சக்கரமுள்ள சிறு வண்டி ஒன்று வரைபடத்தின் மேல் நகர்ந்து, மாணவர் 'பறந்த' பாதையை மையால் கோடிழுத்துக் காட்டும். 1934-இல் அமெரிக்க ராணுவம் வாங்கத் தொடங்கியது. போர் வந்ததும் பிரிட்டிஷ் பேரரசின் பயிற்சி நிலையங்களெங்கும் பரவியது. மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்க அது கற்றுத்தந்தது, எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் எந்த விமானத்தின் குணத்தையும் அது அறியாது. டைகர் மாத் மாணவருக்கும் ஸ்பிட்ஃபயர் மாணவருக்கும் அதே பெட்டி.

ஒவ்வொரு விமானத்துக்கும் தனி முகம் தரும் வேலை வீட்டுக் கணினி வந்த பிறகே பொதுமக்கள் கைக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-இல் வந்தது. 1990களின் பிற்பகுதியில் பிறந்த ஃப்ளைட்கியர், யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள். அதில் ஒரு விமானத்தின் நடத்தை முழுவதும் சாதாரண எழுத்துக்கோப்பில் இருக்கிறது. இந்திய விமானப்படையின் ஹன்டர், ஐ.என்.எஸ். விக்ராந்திலிருந்து பறந்த சீ ஹாக், ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் என்று நம் வானம் கண்ட பல பிரிட்டிஷ் விமானங்களை ஆர்வலர்கள் ஊதியமின்றி அதற்குக் கட்டித்தந்திருக்கிறார்கள்.

அங்கே இரண்டு வழிகள் உண்டு. யாசிம் என்ற கணக்கு முறைக்கு இறக்கையின் நீளம், அகலம், எடை, இன்ஜின் திறன், தரையிறங்கும் வேகம், சீராகப் பறக்கும் வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். மற்ற எண்களை அது தானே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். சில மாலைகளில் ஒரு விமானம் தயாராகிவிடும். வேகங்கள் சரியாக இருக்கும், குணம் பொதுவானதாக இருக்கும். ஜேஎஸ்பிசிம் என்ற மற்றொன்று அட்டவணை கேட்கும். இந்தக் கோணத்தில் இவ்வளவு தூக்குவிசை, இந்த ஃப்ளாப் நிலையில் மூக்கில் இவ்வளவு திருப்பம் என ஒவ்வொன்றாக எழுதவேண்டும். உழைப்பு அதிகம், மூலங்கள் வேண்டும். ஆனால் விமானத்தின் தனிக்குணத்தை எழுத அதில் இடமிருக்கிறது. பழைய விமானத்தை மேம்படுத்துவது என்பது நடைமுறையில் பெரும்பாலும் முதல்வழியில் பிறந்ததை இரண்டாம் வழிக்கு நகர்த்துவதே. அப்படியே நகர்த்தாவிட்டாலும், மென்பொருள் தானே நிரப்பிய எண்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பது.

டைகர் மாத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1931 அக்டோபரில் முதலில் பறந்தது. 130 குதிரைத்திறன், முழு எடை 828 கிலோ. பயிற்சிக்கு எளிய விமானம் என்று பெயரெடுத்தது, மாதிரி செய்வதற்கு எளியதே அல்ல. விமானத்தைச் சாய்க்கும் ஐலரான்கள் கீழ் இறக்கையில் மட்டும் இருக்கின்றன. அவற்றில் மேலே போகும் பக்கம் நன்றாக நகரும், கீழே போகும் பக்கம் ஏறக்குறைய நகராது. அப்படி அமைத்தும், ரடர் தராமல் சாய்த்தால் மூக்கு எதிர்ப்பக்கம் ஓடும். மேல் இறக்கையின் முன்விளிம்பில் தானாகத் திறக்கும் ஸ்லாட்டுகள் ஸ்டாலைத் தள்ளிப்போடும், சாகசப் பயிற்சியின்போது அவற்றைப் பூட்டிவைக்க ஒரு நெம்புகோல் உண்டு. ஆகவே பூட்டிய டைகர் மாத்தும் பூட்டாத டைகர் மாத்தும் ஸ்டாலில் இரு வேறு விமானங்கள். எலிவேட்டர் ட்ரிம்முக்கு வாலில் சிறு தகடு எதுவும் கிடையாது, காக்பிட்டில் ஒரு சுருள்வில்தான் ஸ்டிக்கை இழுத்துப்பிடிக்கிறது. பல மாதிரிகளில் இதற்குப் பதில் ட்ரிம் தகடு வைத்துவிடுகிறார்கள். வேகம் மாறும்போது கையில் தெரியும் பாரம் அதனால் பொய்யாகிவிடுகிறது.

பிரேக் கிடையாது. வாலில் சக்கரமும் இல்லை, தரையைக் கீறிக்கொண்டு வரும் ஒரு சறுக்குக்கட்டை மட்டும். தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில் உட்காரவேண்டும். முன் இருக்கை ஆசிரியருக்கு உரியது, எடையின் நடுப்புள்ளிக்கு நெருக்கமானது என்பதால் ஆசிரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை அதிகம் கெடாது. மாதிரி செய்பவர் எடைப்புள்ளியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டால் ஸ்பின் பாடமே பாழ்.

ஸ்பின் என்றால் பிரென்டிஸை விடமுடியாது. பெர்சிவல் நிறுவனம் அதை டைகர் மாத்துக்கு அடுத்த தலைமுறைப் பயிற்சி விமானமாகச் செய்தது. 1946 மார்ச்சில் முதலில் பறந்தது, இந்திய விமானப்படையும் வாங்கியது, பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் கட்டியது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, பின்னால் மூன்றாவது இருக்கையில் இன்னொரு மாணவர் பாடத்தைக் கவனிக்கலாம் என்பது நல்ல எண்ணம். விலை எடையில் வந்தது. 251 குதிரைத்திறனுக்கு முழு எடை 1,905 கிலோ. டைகர் மாத்தில் ஒரு குதிரைத்திறன் சுமந்தது சுமார் 6.4 கிலோ, பிரென்டிஸில் 7.6 கிலோ. ரடரின் பலம் போதாமல் வால் பகுதியைத் திருத்தவேண்டியிருந்தது, இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைக்கவேண்டியிருந்தது. இந்த வளைவைச் சிமுலேட்டரில் அழகுக்காக வரைந்துவிட்டு நடத்தையில் சேர்க்காமல் விடுபவர் விமானத்தின் வரலாற்றையே தவறவிடுகிறார். அந்த வளைவு ஒரு குறைக்குப் போட்ட மருந்து.

பிரென்டிஸின் இடத்தைப் பிடித்த எச்.டி.-2 நம் விமானம். வி.எம். காட்டகே வடிவமைத்த அது 1951 ஆகஸ்டில் முதலில் பறந்தது. ஆனால் தொடர் உற்பத்தியில் அதன் மூக்கில் இருந்தது பிரிட்டனின் சிரஸ் மேஜர் இன்ஜின், 155 குதிரைத்திறன். பிரிட்டிஷ் பயிற்சி விமானங்களின் இயல்புகளைப் பேசும் எவரும் இதைச் சேர்த்தே பேசவேண்டும். தாம்பரத்தில் பாடம் பயின்ற ஒரு தலைமுறைப் பயிற்றுநர்கள் இதில்தான் பேட்டர் பழகினார்கள்.

ஸ்பிட்ஃபயருக்கு நல்ல மூலங்கள் உண்டு. அமெரிக்காவின் விமானவியல் ஆய்வு அமைப்பான நாகா 1942-இல் ஒரு ஸ்பிட்ஃபயரை ஓட்டி அளந்து அறிக்கை எழுதியது. திருப்பத்தில் ஸ்டால் வரை இழுக்க ஸ்டிக்கை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக நகர்த்தினால் போதும் என்பது அதில் வரும் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. மேசைமேல் வைக்கும் ஜாய்ஸ்டிக்கில் இதை அப்படியே வைத்தால் யாராலும் ஓட்டமுடியாது, ஆகவே பலர் மழுக்கிவிடுகிறார்கள். மழுக்குவது நியாயம்தான், ஆனால் எவ்வளவு மழுக்கினோம் என்று கோப்பில் எழுதிவைப்பதே நேர்மை. இந்திய விமானப்படையிடம் மெர்லின் இன்ஜின் பூட்டிய மார்க் 8-உம் இருந்தது, கிரிஃபன் இன்ஜின் பூட்டிய மார்க் 14, 18-உம் இருந்தன. மெர்லின் இடப்பக்கம் இழுக்கும், கிரிஃபன் வலப்பக்கம் இழுக்கும், அதுவும் பலமாக. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய விமானிக்குப் பழைய பழக்கமே எதிரி. 1948-இல் வந்த வாம்பயரில் புரொப்பல்லர் இல்லாததால் இந்தத் தொல்லை போயிற்று, வேறொன்று வந்தது. அதன் கோப்ளின் இன்ஜின் த்ரோட்டிலுக்கு உடனே பதில் சொல்லாது, அவசரமாகத் தள்ளினால் சூடேறித் திணறும். தரையிறங்க வரும்போது வேகத்தைத் தவறவிட்டவர், இன்ஜின் கைகொடுக்கும் என்று கடைசி நொடியில் எதிர்பார்க்க முடியாது. இன்றைய ஜெட்டின் பதில் வேகத்தை வைத்துச் செய்த வாம்பயர் மாதிரிகளில் பறப்பவருக்கு இந்த அச்சமே தெரியாமல் போகிறது. நாட் விமானத்தில் சக்கரங்களைப் பாதி இறக்கினால் அவையே வேகத்தடை. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வழக்கம்.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும், விமானம் தாம்பரத்தில் பறக்கவேண்டுமானால் தாம்பரத்தின் காற்றும் வேண்டும். பிரிட்டிஷ் கையேடுகளின் எண்கள் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டவை. தாம்பரம் கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கும் நாளில் காற்றின் அடர்த்தி எட்டு விழுக்காடு குறைந்துவிடும். விமானத்தைப் பொறுத்தவரை அது சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள ஊர். டைகர் மாத்தின் 130 குதிரைத்திறன் ஏறக்குறைய 120 ஆகும், புரொப்பல்லரும் இறக்கையும் பற்றுவதற்கான காற்றும் குறையும். முன்பே தவித்த பிரென்டிஸ், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு இந்த வெயிலில் எப்படி ஏறியிருக்கும் என்பது கணக்குப் போட்டாலே விளங்கும். ஸ்பிட்ஃபயர் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம் கொதிநிலையை நெருங்கும், அதனால் சுணங்காமல் எழும்பிவிட வேண்டும். நல்ல மாதிரியில் வெப்பநிலையை 40-க்கு ஏற்றியதும் இதெல்லாம் தானே நடக்கவேண்டும். நடக்கவில்லையென்றால் இன்ஜின் பகுதியைத் திரும்ப எழுதவேண்டும்.

கோடைக் காலைகளில் மேற்கிலிருந்து வீசும் சூடான காற்று நண்பகல் வாக்கில் நின்று, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று புகும். தாம்பரத்துக்குப் பழகிய எவருக்கும் அந்த மாற்றம் தெரியும். பிரேக்கில்லாத, வால் தாழ்ந்த விமானத்துக்கு அது சோதனை நேரம். எழும்பும்போது எதிர்க்காற்றாக இருந்தது, இறங்க வரும்போது பக்கக்காற்றாகிவிடும். சிமுலேட்டரில் வானிலையை ஒரே நிலையில் உறையவைத்துப் பறப்பவர் தாம்பரத்தின் பாதிப் பாடத்தை இழக்கிறார்.

தரையையும் சீர்செய்ய வேண்டியிருக்கிறது. இன்றைய சிமுலேட்டர்கள் செயற்கைக்கோள் படத்தை விரித்து, அதில் தெரியும் ஒவ்வொரு மாடிவீட்டையும் எழுப்பிவிடுகின்றன. 1954-இல் பறந்த மாணவருக்குக் கீழே தெரிந்தது அதுவல்ல. 1931-இல் மின்மயமான ரயில்பாதை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு நீண்ட கோடாக வரும். வடமேற்கே திருநீர்மலை, வடக்கே பல்லாவரம் குன்றுகளும் பரங்கிமலையும். கிறிஸ்தவக் கல்லூரியின் அடர்ந்த மரங்கள் கரும்பச்சைத் திட்டாகத் தெரியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் ஏரிகள் வரிசையாக மின்னும், கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு கடலை நோக்கி நீளும். கருவிகள் குறைந்த விமானத்தில் வழிகாட்டிகள் இவையே. வீடுகளை அகற்றி, சுருங்கிய ஏரிகளுக்குப் பழைய கரையையும், இடையில் வயல்களையும் மீண்டும் வரைந்தால் ஒழிய, பழைய விமானத்தை இந்த ஊரில் கண்ணால் பார்த்து ஓட்டமுடியாது. பழைய நில அளவைப் படங்களைக் கொண்டு இதைச் செய்யலாம், பொறுமை வேண்டும். ஏரிகளின் பழைய பரப்பை அப்படி வரைந்து பார்ப்பது, விமானத்தில் ஆர்வமில்லாத தாம்பரவாசிகளுக்கும் பயன்படும் வேலை.

பயிற்றுநர் பள்ளி காலத்தோடு நகர்ந்துவிட்டது. எச்.டி.-2-வும் ஹார்வர்டும் போய், எச்பிடி-32, கிரண் பயிற்சி விமானங்கள் வந்தன. 2009-இல் எச்பிடி-32 பறப்பது நிறுத்தப்பட்டது, 2013-இல் விமானப்படைக்கு சுவிட்சர்லாந்தின் பிலாடஸ் வந்தது. பழையவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க விமானப்படையும் முயல்கிறது. பிரிட்டனில் சீர்செய்யப்பட்ட ஒரு டைகர் மாத் 2012 விமானப்படை தினத்தில் ஹிண்டனில் மீண்டும் பறந்தது. 2024 அக்டோபரில் மெரினாவில் கூடிய பெருங்கூட்டம் பார்த்த பழைய விமானங்கள் டகோட்டாவும் ஹார்வர்டும், இரண்டும் அமெரிக்காவில் பிறந்தவை. அந்த வாரமே விமானப்படை தின அணிவகுப்பு தாம்பரத்தில் நடந்தது.

ஒற்றை விமானத்தைப் பறக்கவைத்தாலும், அதில் உட்காரக் கிடைப்பவர்கள் ஒருசிலரே. ஸ்பின் பாடம் நடத்த யாரும் அதை விடமாட்டார்கள், விடவும் கூடாது. மற்றவர்களுக்கு மிஞ்சுவது சிமுலேட்டர் மாதிரி. அதனால்தான் அது சரியாக இருக்கவேண்டும் என்பது வெறும் பொழுதுபோக்குக்காரரின் பிடிவாதமல்ல. 1954-இல் தாம்பரத்தில் பயிற்றுநரானவர் இன்று இருந்தால் தொண்ணூறைக் கடந்தவர். வாம்பயரிலும் எச்.டி.-2-விலும் பாடம் நடத்தியவர்களில் இளையவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். தாம்பரம், சேலையூர், பெங்களூர், கோயம்புத்தூர் என்று ஓய்வுபெற்ற விமானப்படையினர் வாழும் ஊர்களில் அவர்கள் முன் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, போர்க்கதைகளுக்கு முன்னால் சில சாதாரணக் கேள்விகளைக் கேட்கவேண்டும். எச்.டி.-2-வில் ஃப்ளாப் இறக்கினால் ட்ரிம்மை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புவீர்கள்? ஸ்பின்னில் எத்தனையாவது சுற்றில் சுழற்சி இறுகும், எதிர் ரடர் கொடுத்தபின் எத்தனை சுற்றில் நிற்கும்? வாம்பயரில் த்ரோட்டிலை மூடிய நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வர மனதுக்குள் எத்தனை எண்ணுவீர்கள்? மே மாத மதியத்தில் ஓடுபாதையின் எந்த இடத்தில் சக்கரம் தரையை விடும்? கடைசியாக, ஸ்டால் பாடத்தை முதல் வாக்கியத்திலிருந்து, அன்று மாணவருக்குச் சொன்ன அதே வேகத்தில், ஒருமுறை சொல்லமுடியுமா?